பச்சை மருந்து செய்பவர் பெயர்

1

தபால் நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்துக் குறிப்பேடு ஒன்று பாதி எழுதாமல் கிடந்தது. அதன் பின்பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். கப்பல் ஓடத் தொடங்கியதும் சென்னையில் பத்திரிகை நடத்தும் உங்களுக்கு வந்து சேரும். அச்சில் போடுகிறவர்கள் போடலாம். பொட்டலம் மடிக்கிறவர்கள் மடிக்கலாம். எனக்கு இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் சொல்ல முடியாது.

நான் இருப்பது மலாயாவில், மலாக்கா நகரத்தின் காஜா பேராங் பகுதியில். கல்யாணமாகி வந்து ஒன்பது வருடம். ஜப்பான்காரன் வந்து இது மூன்றாவது வருடம். வந்ததும் முதல் காரியமாகக் கடிகாரத்தைத் திருத்தினான். இப்போது இங்கே தோக்கியோ நேரம்தான். சூரியனைக் கேட்காமலேயே ஒன்றரை மணி நேரம் முன்னதாக எழுந்துவிடுகிறோம். எழுந்ததும் அரிசி வரிசை. கிடைத்த அரிசி பாதி வயிற்றுக்கு வரும். மீதிப் பாதிக்கு மரவள்ளிக்கிழங்கு. இங்கே அதற்கு ஊபி என்று பெயர். ரோஜாச் செடி இருந்த வாசலில் இப்போது ஊபி நிற்கிறது.

நான் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த பெண்கள் பள்ளியில் சிப்பாய்கள் குடியிருக்கிறார்கள். முதல் மாதத்தில் ஒரு காவல் சிப்பாயிடம், பழக்க தோஷத்தில், "குட்மார்னிங்" என்று சொல்லித் தொலைத்தேன். அரை மணி நேரம் வெயிலில் நிற்கவைத்தான். இப்போது வாயைத் திறப்பதில்லை. குனிந்துவிட்டுப் போகிறேன். அந்தக் குனிதலையும் என் மகள் திருத்துகிறாள்.

"கழுத்தை மட்டும் சாய்க்கக் கூடாதும்மா. இடுப்புலேர்ந்து குனியணும். சென்செய் சொன்னாங்க."

வசந்தாவுக்கு ஏழு வயது. ஜப்பான் பள்ளியில் அவள்தான் முதல். அங்கே ஆசிரியருக்குச் சென்செய் என்று பெயர். தமிழில் 'ழ' இன்னும் நாக்குக்குள் வரவில்லை. ஜப்பான் பாட்டு ஒரு டஜன் தெரியும். பக்கத்து வீட்டு மலாய்ப் பேச்சு தண்ணீர் மாதிரி வருகிறது. நான் தமிழில் கேட்டால் மூன்று பாஷையில் பதில் சொல்வாள். அதில் எனக்குப் புரிவது ஒன்றரை. கொஞ்ச நாளாகக் கண்ணில் படும் ஜப்பான் எழுத்தையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். கடைப் பலகை, தீப்பெட்டி, அரிசி அட்டை, ஒன்றையும் விடுவதில்லை.

போன வாரம் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காகிதத்தைப் படித்தாள். அந்தக் காகிதம் என்ன, அதில் யார் பெயர் இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

2

அது ஒரு மருந்துக்கான அனுமதிச் சீட்டு. மருந்து என்னுடையது.

நான் சென்னையில் வேதியியல் படித்தவள். எங்கள் பேராசிரியை ஒரு நாள் வாழையிலைத் துண்டு ஒன்றைச் சாராயத்தில் ஊறவைத்து, அந்தப் பச்சைத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஜன்னல் வெயிலில் பிடிக்கச் சொன்னார். நேராகப் பார்த்தால் பச்சை. பக்கவாட்டில் பார்த்தால் இரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. விடுதிக்குத் திரும்பி வந்தும் அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சிவப்புதான் தெரிந்தது.

இலையின் பச்சைக்குள் இருப்பது ஒரு பெரிய வளையம். நான்கு சின்ன வளையங்கள் கைகோத்து நிற்கின்றன. நடுவில் ஓர் உலோக அணு. இதற்குத் தமிழில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பெருவளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையில் நடு இடத்தில் மக்னீசியம் இருக்கிறது. நம் இரத்தத்தில் ஏறக்குறைய இதே வளையம், நடுவில் இரும்பு. நான் படித்து முடித்த வருடத்தில் மனிதர்களே இதுபோன்ற வளையம் ஒன்றைச் செய்து நடுவில் செம்பை வைத்து ஒரு நீலம் எடுத்திருந்தார்கள். எந்த அமிலத்தில் போட்டாலும் செம்பு வெளியே வராது என்று பேராசிரியை சொன்னார். அந்த நீலத்தைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பா ஜாதகத்தைக் கையில் எடுத்தார். ஆசை கப்பல் ஏறி மலாக்காவுக்கு வந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்பு கரைத்துக் காட்டியது.

பக்கத்து வீட்டில் மக் தங்கம் இருக்கிறார். மக் என்றால் மலாயில் அம்மா. சிட்டி இனத்தவர். பெயர் தமிழ், கோயில் நம் கோயில், பொங்கலும் உண்டு. ஆனால் ஒரு வாக்கியம் தமிழ் வராது. பல தலைமுறைக்கு முன்பே வந்தவர்கள், வீட்டில் மலாய்தான். அவர் காலில் ஒரு புண். இந்தக் காலத்தில் இங்கே பாதிப் பேருக்குக் காலில் புண்தான். சாப்பாடு இல்லாத உடம்பில் கீறல் விழுந்தால் ஆறாது. அழுகி எலும்பு வரை போகும். கடையில் மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப்போடத் துணி இல்லை. அவர் வீட்டுப் பக்கம் ஜன்னலைத் திறக்க முடியாது, அவ்வளவு நாற்றம். அதை அவருக்குத் தெரியாமல் மூடிவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இலைப்பச்சை அழுகல் நாற்றத்தை எடுக்கும், புண்ணை ஆற்றும் என்று எங்கோ படித்த ஞாபகம். ஆனால் வெறும் இலைச்சாறு இரண்டு நாளில் பழுப்பாகிக் கெட்டுவிடும். செம்பை நடுவில் வைத்தால் நிற்கும். செய்துதான் பார்ப்போமே என்று தொடங்கினேன்.

3

தனியாகச் செய்யவில்லை. என் தம்பி துரைசாமி கூட இருந்தான், வீட்டில் துரை.

துரையை மலாயாவுக்கு வரவழைத்தது நான்தான். "இங்கே வா, தோட்டத்தில் கிராணி வேலை வாங்கித் தருகிறோம்" என்று என் கைப்பட எழுதினேன். வந்தான். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. சண்டை வந்ததும் ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டத்தை மூடிவிட்டார்கள். எங்களோடு வந்து இருந்தான். ஒல்லி உடம்பு, நீள மூக்கு, எதற்கெடுத்தாலும் கேலி.

"அக்கா, ஊருல இலையில சோறு போடுவ. இங்க வந்து இலையையே சோறாக்கிட்ட லா" என்பான், ஊபி இலை ஆய்ந்துகொண்டே.

வேலை இதுதான். ஊபி இலையை நிழலில் வாடவைத்து இடிக்க வேண்டும். கிழங்கைப் புளிக்கவைத்து வடித்த சாராயத்தில் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்த்த காரத்தண்ணீரில் கொதிக்கவிட்டால் பச்சை தண்ணீரில் கரைகிற மாதிரி ஆகிவிடும். அப்புறம் அமிலம். ரப்பர் பாலை உறையவைக்கிற அமிலத்துக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. மூடிய தோட்டத்திலிருந்து துரை ஜாடி ஜாடியாகக் கொண்டுவந்தான். அமிலம் பட்டதும் மக்னீசியம் இடத்தைக் காலிசெய்துவிடும். அழகான பச்சை சாணி நிறமாகப் போய்விடும். முதல் தடவை துரை தலையில் கை வைத்துக்கொண்டான். "மூணு நாள் இடிச்சேனே!"

பிறகு செம்பு உப்பான மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றிச் சூடு காட்டினால், சாணி நிறத்துக்குள்ளிருந்து பச்சை திரும்பி வரும். முதலில் இருந்ததைவிட ஆழமான பச்சை. செம்பு உள்ளே உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பார்க்கிறவருக்கு உள்ளே ஆள் மாறியதே தெரியாது.

எனக்குத் தெரிந்தாக வேண்டும். கண்ணால் பார்த்து நம்புகிற பழக்கம் என்னிடம் இல்லை. பள்ளியிலிருந்து கடைசி நாளில் முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த கைக்குழல் நிறமாலைமானி ஒன்று உண்டு, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும். அதில் பார்த்தால் சிவப்புப் பட்டையில் இருந்த கறுப்புக் கோடு ஆரஞ்சுப் பக்கம் நகர்ந்திருக்கும். வெயிலில் பிடித்தால் அந்த இரத்தச் சிவப்பு ஒளி அணைந்திருக்கும். இதற்கு மேல் ஆணிச் சோதனை. வளையத்துக்குள் போகாமல் மிஞ்சிய செம்பு புண்ணில் பட்டால் எரிச்சல் உயிர் போகும். அதனால் கழுவுகிற தண்ணீரில் சுத்தமான இரும்பு ஆணியை முக்கிப் பார்ப்போம். மிஞ்சிய செம்பு இருந்தால் ஆணிமேல் சிவப்பாகப் படியும். வளையத்துக்குள் உட்கார்ந்த செம்பு ஆணிக்கு அசையாது. ஆணி வெள்ளையாக வரும்வரை கழுவ வேண்டும். சில நாள் எட்டுத் தண்ணீர், சில நாள் பதினொன்று.

டார்ச் செல்லைப் பிரித்துத் துத்தநாகம் எடுத்து அதையும் வளையத்தில் வைத்துப் பார்த்தேன். பச்சை வந்தது, ஒளியும் அணையவில்லை, ஆனால் அமிலம் பட்டதும் ஓடிவிட்டது. இரும்பு பழுப்பாகப் போயிற்று. செம்புதான் நின்றது. எல்லாவற்றையும் இந்தக் குறிப்பேட்டின் முன்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அப்படி எழுதிய நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சண்டையும் பசியும் இருந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்துக் குழைத்துக் கொடுத்தோம். மக் தங்கத்தின் புண்ணில் ஐந்தாம் நாள் நாற்றம் போயிற்று. ஒரு மாதத்தில் தோல் மூடியது. அதற்கப்புறம் செமாபோக்கிலிருந்தும் உஜோங் பாசிரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். "ஊபாட் ஹீஜாவ் ஆடா?" என்று வாசலில் குரல் கேட்கும். பச்சை மருந்து இருக்கிறதா என்று அர்த்தம்.

4

கேள்விப்பட்டு ஜப்பான் மருந்து அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி, மெலிந்த குரல், உடைந்த ஆங்கிலம். மருந்து யார் செய்வது என்று கேட்டார். என் கணவர் நில அலுவலகத்தில் எழுத்தர். ஜப்பான் பேச்சு சீக்கிரமே பிடித்துக்கொண்டவர். அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்து முந்தின நாளே நாங்கள் பேசி வைத்திருந்தோம். பெண்களைச் சயாமுக்குப் பிடித்துப் போவதில்லை. என் கணவருக்கு அலுவலகச் சீட்டு உண்டு. வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளை துரைதான். சயாமில் போடுகிற ரயில் பாதைக்கு ஊர் ஊராக ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு அப்போதே பரவியிருந்தது. போனவர்கள் கடிதம் போட்டதாகவோ திரும்பி வந்ததாகவோ தகவல் இல்லை. ராணுவத்துக்கு மருந்து செய்கிறவன் என்று ஒரு காகிதம் இருந்தால் துரையைத் தொடமாட்டார்கள். அதனால் செய்பவர் துரை என்று சொல்வதாக முடிவு.

துரை அதிகாரி முன்னால் எல்லாம் செய்து காட்டினான். நான் சமையலறைக் கதவோரம் நின்று பார்த்தேன். ஆணியை எடுத்துக் காட்டியபோது அதிகாரி ஒரு காகிதத்தில் அந்தப் பெருவளையத்தை வரைந்து, நடுவில் கேள்விக்குறி போட்டார். துரை திருதிருவென்று விழித்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே போய் அந்தக் கேள்விக்குறியை அடித்து, செம்பின் குறியீட்டை எழுதிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதிகாரி என்னைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்துச் சீட்டு வந்தது. பெரிய சிவப்பு முத்திரை, மேலிருந்து கீழாக ஜப்பான் எழுத்து. என் கணவர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்.

"துரை பேரு எங்க?" என்று கேட்டேன்.

"இதோ, இந்த வரி" என்று விரலை வைத்துக் காட்டினார்.

நான் நம்பினேன். ஆணியையும் நிறமாலைமானியையும் வைத்துக்கொண்டு பதினொரு தண்ணீர் கழுவுகிறவள், குப்பியின் மேல் என்ன ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பதைச் சோதிக்காமல் தொடாதே என்று நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை நம்பிச் சுவரில் மாட்டவிட்டேன். போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை அதற்கும் சேர்த்து ஒரு பூ வைத்தேன். என்னைப்போல் ஒரு மக்குக்கு யார் பட்டம் கொடுத்தார்கள்?

அடுத்த மாதம் ஆள் பிடிக்க வந்தார்கள். பட்டியலில் துரை பெயர். நான் சுவரைக் காட்டிக் கத்தினேன். என் கணவர் அவர்களிடம் ஏதோ ஜப்பான் பாஷையில் பேசினார். அவர்கள் தலையை ஆட்டினார்கள்.

"சீட்டெல்லாம் செல்லாதாம் ராஜம். இவங்ககிட்ட என்ன நியாயம் பேசுறது" என்றார்.

துரை ஒரு சட்டை, ஒரு போர்வை, ஒரு டப்பா பச்சை மருந்து எடுத்துக்கொண்டான். லாரியில் தம்பின் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். "நல்லா கழுவுக்கா, அவசரப்படாதே" என்றான். அவ்வளவுதான். போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

ஒரு வருடமாக நான் ஜப்பான்காரனைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

5

இப்போது வசந்தா. போன வாரம் பள்ளி விட்டு வந்தவள், நாற்காலியில் ஏறி நின்று சுவர்க் காகிதத்தை விரல் வைத்துக் கூட்டினாள்.

"செ... ரு... வா... ரா... ஜு. அம்மா, இது சித்தப்பா பேரும்மா!"

சித்தப்பா என்றால் செல்வராஜ், என் கணவரின் தம்பி. கிளேபாங்கில் மனைவி மக்களோடு இருக்கிறான். கடை வேலை போய், தூண்டில் போட்டுப் பிழைக்கிறான். பச்சை மருந்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அது பச்சையாக இருக்கும் என்பது மட்டும்தான்.

"நல்லாப் பாரு. துரைசாமியை ஜப்பான் எழுத்துல டோரைசாமின்னு எழுதியிருப்பாங்க" என்றேன்.

"இல்லம்மா. டோ இங்க எங்கயுமே இல்ல. எனக்குத் தெரியாதா?" பெருமையோடு இன்னொரு முறை படித்தாள். சென்செய் அன்று அவளுக்கு நட்சத்திரம் போட்டிருந்தார். நான் அவளை வெடுக்கென்று தூக்கி இறக்கிவிட்டேன். குழந்தை பயந்துபோய், "தப்பா படிச்சேனா?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் படிச்ச" என்றேன்.

என் கணவர் வந்ததும் கேட்டேன். சோறு போடவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை.

"சீட்டுல யாரு பேரு?"

அவர் சுவரைப் பார்த்தார். பொய் சொல்ல ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார், பிறகு விட்டுவிட்டார். "செல்வராஜ் பேரு."

"துரை பேரை நீங்க எழுதவே இல்லையா?"

"எழுதினேன். அப்புறம் மாத்தினேன்."

"ஏன்?"

"கேக்காத ராஜம். என்ன வேணும்னாலும் திட்டு. இதை மட்டும் கேக்காத."

திட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லாத் தமிழும் அன்று வந்தது. உங்க தம்பி ரத்தம், என் தம்பி தண்ணியா என்று கேட்டேன். என் கையால் செய்த மருந்தை வைத்து என் தம்பியை விற்றுவிட்டு, ஒரு வருடமாக என் கையால் சாப்பிட்டீர்களே என்று கேட்டேன். சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் செல்வராஜ் மீனோடு வந்தான். நான் வாசலை மறித்து நின்றதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. மீனைக் கீழே வைத்தான்.

"அண்ணி..."

"உள்ள வராத."

அவன் வரவில்லை. மீனை எடுத்துக்கொண்டும் போகவில்லை. அதை மக் தங்கம் வந்து எடுத்துப் போனார். அவன் கடைசிக் குழந்தைக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. துரை போன அடுத்த வாரம் பிறந்தது. பிரசவத்துக்கு ஓடிப்போய் வெந்நீர் வைத்தவள் நான். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மாமா இல்லாத வீட்டுக்கு நீயாவது வந்தாயே என்று கொஞ்சியிருக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவன் மனைவிக்கும் தெரிந்திருக்கும். என் முன்னால் எல்லோரும் எப்படி முகத்தை வைத்துக்கொண்டார்கள்?

6

சீட்டை வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புது மருந்து ஒரு ஜாடி கொண்டுபோக வேண்டும், செய்பவர் பெயரைத் திரும்ப எழுத வேண்டும். அதற்கான நாள் இந்த வாரம்.

இரண்டு தண்ணீர் குறைத்துக் கழுவினால் போதும். அதிகாரியின் ஆணி சிவந்துவிடும், செல்வராஜின் சீட்டு கிழியும், அவனும் லாரி ஏறுவான். அப்படி நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒன்பதாம் தண்ணீரில் கையை நிறுத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் எனக்கு வேண்டியது செல்வராஜ் போவதல்ல, துரை வருவது. மருந்து நன்றாக இருந்தால்தான் அதைச் செய்கிறவனைத் திரும்பக் கேட்க முடியும். பதின்மூன்று தண்ணீர் கழுவினேன். ஆணி கடையிலிருந்து வந்தது போல இருந்தது. கோட்டைப் பார்த்தேன், வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இதைவிட நல்ல மருந்து நான் செய்ததில்லை. ஜாடியைத் துணியில் கட்டிக்கொண்டு, என் கணவர் அலுவலகம் போன பிறகு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன்.

மருந்து அலுவலகத்தில் நான்கு மேசை. முதல் மேசையில் குனிந்தேன், இரண்டாவதற்கு அனுப்பினார்கள். இரண்டாவதில் குனிந்தேன், படிவம் வாங்கிவரச் சொல்லி முதலாவதற்கே அனுப்பினார்கள். படிவம் ஜப்பான் எழுத்தில் இருந்தது. எனக்காக அதை நிரப்ப வேண்டிய மலாய்க்கார எழுத்தர் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். மூன்று மணி நேரம் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். கடைசியில் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரரே என்னை உள்ளே கூப்பிட்டார்.

7

ஆணியை முக்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வேலை" என்றார்.

"இதைச் செய்யக் கற்றவர் துரைசாமி. என் தம்பி. நீங்களே பார்த்தீர்கள்" என்றேன். "அவர் சயாமில் இருக்கிறார். சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. ராணுவத்துக்கு மருந்து வேண்டுமென்றால் அவரைத் திரும்ப வரவழையுங்கள்."

அவர் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு கோப்பு எடுத்துவந்தார். ஜப்பான் எழுத்துக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒன்றை என் பக்கம் திருப்பி வைத்தார். இந்த மூன்று வருடத்தில் ஒரு ஜப்பான் அலுவலகத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்த காகிதம் அது ஒன்றுதான். அது தமிழில் இருந்தது. துரையின் கையெழுத்து.

"பச்சை மருந்து செய்யும் வேலை எனக்குத் தெரியாது. அன்றைக்குச் செய்து காட்டியது பிறர் சொல்லிக்கொடுத்தது. உண்மையில் செய்பவர் செல்வராஜ். அவர் மனைவி கர்ப்பமாக இருக்கிறார். ஆள் பட்டியலில் அவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்."

கீழே அவன் கையொப்பம். பக்கத்தில் மொழிபெயர்த்தவர் என்று என் கணவரின் கையொப்பம். அதற்கும் கீழே, பொடி எழுத்தில், யாரும் மொழிபெயர்த்திருக்க முடியாத ஒரு வரி:

"அத்தான், அக்காவிடம் சீட்டில் என் பேர்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். தெரிந்தால் மருந்து செய்வதை நிறுத்திவிடுவாள்."

நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. என் கணவர் கேட்டு இவன் எழுதினானா, இவனாகவே போய் எழுதினானா என்று காகிதத்தில் இல்லை. என் கணவரை இனிக் கேட்டாலும் சொல்லமாட்டார். எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். மூன்று ஆண்பிள்ளைகள் கூடி, யார் போவது யார் இருப்பது என்று பேசி முடித்திருக்கிறார்கள். மருந்து செய்தவளை ஒருவரும் கூப்பிடவில்லை. இருந்தவர்களில் என்னை நன்றாகத் தெரிந்தவன் துரை. அவன்தான் என்னை எப்படி ஏமாற்றுவது என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

"அவருக்கு வேலை தெரியும் என்று உங்களுக்குத் தெரியுமே" என்றேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "உங்கள் கண்ணால் பார்த்தீர்களே."

"பார்த்தேன்" என்றார். "பிறகு இந்தக் காகிதம் வந்தது. காகிதம் இப்படிச் சொல்கிறது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சயாமுக்கு நான் கடிதம் எழுதலாம். சில சமயம் அனுப்பிவைப்பார்கள். ஆனால் அப்போது இந்தக் காகிதம் பொய்யாகிவிடும். ராணுவத்திடம் பொய் எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். எழுதியவர், மொழிபெயர்த்தவர். அந்த விசாரணை என் கையில் இல்லை."

அந்த விசாரணை யார் கையில் இருக்கிறது என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ராணுவப் போலீஸ் கட்டடத்துக்குள் போனவர்கள் நடந்து வெளியே வந்ததில்லை. துரையைச் சயாமிலிருந்து வரவழைத்தால் அங்கேதான் கொண்டுபோவார்கள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் முதலில் சொன்னது எதையுமே கேட்காதவர்போல் புதுப் படிவத்தை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்தார்.

"இந்த வருடம், பச்சை மருந்து செய்பவர் பெயர்?"

ஜன்னலுக்கு வெளியே வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

"செல்வராஜ்" என்றேன்.

அவர் எழுதி, முத்திரை குத்தி, மை காய ஊதிக் கொடுத்தார். குனிந்து வாங்கிக்கொண்டேன். இடுப்பிலிருந்து.

செல்வராஜின் பிள்ளைக்குத் தகப்பன் இருப்பான். அதற்கு என் தம்பி கொடுத்ததை நான் பிடுங்கவில்லை. ஆனால் அவன் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும்போவதில்லை. அவன் உயிரோடு திரும்பி வரட்டும். வந்தால் வாசலிலேயே கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். சோறு அப்புறம்தான்.